எட்டில் ஒரு பங்குக்குத்தான் கணக்கு இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் ஞாயிறு பதிப்பில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். தோட்டத்துத் தமிழன் பூர்வீகம் தேட வழியே கிடையாதாம். வெள்ளைக்காரன் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறானாம், நமக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லையாம். படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. அவர் சொன்னதில் பாதி தப்பு, பாதி சரி. சரியாக இருக்கிற பாதிக்கு நானும் ஒரு காரணம்.

நான் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் 26 வருஷம் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்தவன். இப்போது வயது 75. என் அம்மாவைப் பெற்ற பாட்டியிடமிருந்து தொடங்குகிறேன், அப்போதுதான் விஷயம் புரியும்.

பாட்டியின் பெயர் நோரம்மா. பூனைக்கண். வெயிலில் நின்றால் கன்னம் சிவந்துவிடும். நாற்பது வருஷம் பால் வெட்டியும் அந்தச் சிவப்பு கறுக்கவில்லை. லயத்துப் (தொழிலாளர் வீட்டு வரிசை) பிள்ளைகள் மறைவில் ‘வெள்ளச்சி’ என்பார்கள். அவருடைய அப்பா யார் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். என் பூட்டி, அதாவது நோரம்மாவின் அம்மா, ஒரே ஒரு தடவை ‘கெரி தொரை’ என்று வாய்விட்டதாக அம்மா சொல்வார். ஹாரி என்ற துரையைத்தான் அப்படிச் சொல்லியிருப்பார் என்று நாங்களாக முடிவு கட்டிவிட்டோம்.

நோரம்மா என்பதும் மனோரமாவின் சுருக்கம் என்றே நினைத்திருந்தோம். 1948-இல் கம்யூனிஸ்டுக் கலகத்தால் அவசரகாலம் வந்ததும் அடையாளக் கார்டுக்கு எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார்களே, அப்போது எழுதியவரும் அப்படித்தான் நினைத்து ‘மனோரம்மா’ என்று போட்டுவிட்டார். வயதும் அவர் முகத்தைப் பார்த்துப் போட்டதுதான்.

என் பேத்தி டப்ளினில் மருத்துவம் படிக்கிறாள். மூன்றாம் வருஷம் வார்டுக்குப் போகத் தொடங்கியபோது ஒரு நாள் ராத்திரி போன் செய்தாள். அங்கே ஒரு கிழவிக்குப் பெயர் நோராவாம். ஹொனோரா என்ற பழைய பெயரை அந்த ஊரில் நோரா என்று சுருக்குவார்களாம். எந்த ஊர் பாட்டி என்று இவள் கேட்டிருக்கிறாள். கெரி என்றிருக்கிறார் அந்தம்மா.

“தாத்தா, கெரி ஆள் பேரு இல்ல தாத்தா. ஊர் பேரு.”

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. அயர்லாந்துக்கு 32 மாவட்டங்கள். அதில் தென்மேற்குக் கடலோரத்தில் இருப்பது கெரி.

அப்புறம்தான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. பாட்டி மாரியம்மனுக்குத் தீமிதித்தவர். ஆனாலும் ஜூலை மாதம் வந்தால் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு ஒரு வருஷம் தவறாமல் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவார். அங்கே இந்துக்கள் போவது அதிசயமில்லை என்பதால் ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. அவருடைய டிரங்குப் பெட்டியில் வெற்றிலைப் பைக்கு அடியில் தேய்ந்துபோன மாதா பதக்கம் ஒன்றும் இருந்தது.

பேராக்கில் உள்ள பழைய தேவாலயம் ஒன்றுக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்த அம்மையார் முகம் சுளிக்காமல் ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்துவந்து தேடித் தந்தார். 1913-ஆம் வருஷத்துப் பக்கம். எழுதியவர் பிரெஞ்சுப் பாதிரியார், எழுதிய மொழி லத்தீன். பிள்ளையின் பெயர் ஹொனோரா. தகப்பன் பெயர் யாகோபுஸ். லத்தீனில் யாகோபுஸ் என்றால் ஜேம்ஸ். குடும்பப் பெயரைப் பாதிரியார் தம் காதில் விழுந்தபடி பிரெஞ்சுக்காரர் மாதிரி எழுதியிருந்ததால் அதை ஐரிஷ் பெயராக அடையாளம் காணவே ஒரு மாதம் ஆயிற்று. (அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அந்தக் குடும்பம் இன்றும் அங்கே இருக்கிறது.) தாயின் பெயர் முனியம்மா. அதற்கு எதிரே, அஞ்ஞானி, அதாவது கிறிஸ்தவர் அல்லாதவள், என்ற பொருளில் ஒரு லத்தீன் சொல். அவளுடைய தகப்பன் பெயர், ஊர் எழுதவேண்டிய இடம் காலி.

அந்தக் காலி இடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இதைக் காதல் கதையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதிகாலையில் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கூப்பிட வைப்பவன் சின்ன துரை, அதாவது வெள்ளைக்கார உதவி மேனேஜர். கூப்பிட்டதும் வந்து நிற்க வேண்டியவள் என் பூட்டி. இடையில் என்ன நடந்தது என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. பிள்ளைக்கு அவன் ஒரு பெயர் கொடுத்தான் என்பது மட்டும் தெரிகிறது. அந்தப் பெயரை எங்கிருந்து எடுத்தான் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பேத்தி அங்கே தேட ஆரம்பித்தாள். நான் இங்கிருந்து கிராணி வேலை பார்த்தேன், அதாவது அவள் அனுப்பியதை எல்லாம் கட்டம் போட்டு நோட்டில் ஏற்றினேன். அப்போதுதான் அந்த நாட்டுப் பதிவேடுகளின் கதை தெரிய வந்தது. வெள்ளைக்காரன் எல்லாவற்றையும் வைத்திருக்கிறான் என்று எழுதிய வாசகர் இதைக் கொஞ்சம் கேட்க வேண்டும்.

1922-இல் அயர்லாந்தில் உள்நாட்டுப் போர். டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற வளாகத்தில் ஒரு தரப்பு புகுந்துகொள்ள, மறு தரப்பு பீரங்கியால் அடித்தது. அந்த வளாகத்துக்குள்தான் அரசாங்கப் பதிவேட்டுக் காப்பகமும் இருந்தது. ஜூன் 30-ஆம் தேதி வெடித்துத் தீப்பற்றி, எழுநூறு வருஷத்து ஏடுகள் போயின. 1821, 1831, 1841, 1851 குடிமதிப்புத் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு) தாள்களில் மிஞ்சியது கைப்பிடி அளவுதான். ஐரிஷ் புராட்டஸ்டண்டு சபையின் கோயில் பதிவேடுகளில் பாதிக்கு மேல் சாம்பல். கருகிய காகிதங்கள் பல மைல் தூரம் காற்றில் பறந்து போய் விழுந்தனவாம்.

சரி, போரில் போனது போகட்டும். 1861, 1871 குடிமதிப்புத் தாள்களை அரசாங்கமே கணக்கெடுத்த கையோடு அழித்துவிட்டது. 1881, 1891 தாள்களை முதல் உலகப்போர் சமயத்தில் கூழாக்கிவிட்டார்கள். அந்த நூற்றாண்டு முழுக்கக் கிட்டத்தட்ட வெறும் பலகை. முழுசாக இருப்பவற்றில் பழையவை 1901, 1911 இரண்டும்தான்.

பேத்தி போனில் இதைச் சொன்னபோது நான் பேச்சை மாற்றிவிட்டேன். காரணம் இருந்தது.

1995-இல் எங்கள் தோட்டம் கைமாறியது. மரம் வெட்டி வீடு கட்டப் போகிறார்கள், ஆபீசைக் காலி செய் என்று மேலே இருந்து சொன்னார்கள். ஸ்டோருக்குப் பின்னால் ஓர் அறை முழுக்கச் செக்ரோல். எல்லாம் கனத்த அட்டை போட்ட நீளமான புத்தகங்கள். யார் யார், எந்த வரிசை லயம், எத்தனை நாள் வேலை, எவ்வளவு முன்பணம், எப்போது பெயர் வெட்டப்பட்டது, எல்லாம் அதில் இருந்தது. இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு நான்தான் வெளியே இழுத்துப் போட்டுக் கொளுத்தினேன். மூன்று நாள் எரிந்தது. தடித்த அட்டை சீக்கிரம் பிடிக்கவில்லை, பால் கொட்டகையிலிருந்து மண்ணெண்ணெய் கொண்டுவந்து ஊற்றினேன். அன்றைக்கு எனக்குக் கவலையெல்லாம் என் சேவைத் தொகை எப்போது கைக்கு வரும் என்பதுதான்.

அவர்கள் ஏடு பீரங்கியில் போனது. எங்கள் தோட்டத்து ஏட்டுக்கு ஒரு டின் மண்ணெண்ணெய் போதும் என்றாயிற்று.

இனி அயர்லாந்துக்காரர்கள் அந்தச் சாம்பலுக்குப் பிறகு என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன். அசல் போனால் என்ன, பிரதி எங்காவது இருக்கும் என்று தேட ஆரம்பித்தார்கள். கத்தோலிக்கக் கோயில் பதிவேடுகள் அந்தந்தக் கோயிலிலேயே இருந்ததால் தப்பித்தன. அவற்றின் படங்களை டப்ளின் கில்டேர் தெருவில் உள்ள தேசிய நூலகம் 2015-இல் இலவசமாக எல்லாருக்கும் திறந்துவிட்டது. பிறப்பு, இறப்புப் பதிவு 1864-இல் தொடங்குகிறது. அதில் பிறப்பு நூறு வருஷமும், திருமணம் எழுபத்தைந்து வருஷமும், இறப்பு ஐம்பது வருஷமும் தாண்டியிருந்தால் வீட்டிலிருந்தே பார்க்கலாம், காசு கிடையாது. தீப்பற்றியதன் நூறாவது ஆண்டான 2022-இல், உலகமெங்கும் சிதறிக் கிடந்த பிரதிகளையும் குறிப்புகளையும் சேர்த்து அந்தக் காப்பகத்தையே கணினியில் மறுபடி கட்டித் திறந்தார்கள். டப்ளின் டிரினிட்டி கல்லூரி முன்னின்று செய்த வேலை இது.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. 1909 ஜனவரியிலிருந்து 70 வயதானவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் கொடுத்தார்கள். கிராமத்துக் கிழவர்களிடம் பிறப்புச் சான்று ஏது? அதனால் 1841, 1851 குடிமதிப்பில் இன்னாருடைய குடும்பத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று விண்ணப்பம் போட்டார்கள். அலுவலர்கள் பார்த்து எழுதினார்கள். பிறகு அசல் எரிந்தது. ஆனால் அந்த விண்ணப்பத் தாள்கள் பிழைத்துக்கொண்டன. பென்ஷன் கேட்டு வந்த கிழவன் கிழவியால், இல்லாமல் போன புத்தகத்தின் சில வரிகள் இன்றும் கிடைக்கின்றன.

அந்தப் பென்ஷனால் ஒரு வேடிக்கையும் உண்டு. ஜேம்ஸின் தகப்பனாருக்கு 1901 தாளில் வயது 58. பத்து வருஷம் கழித்து 1911 தாளில் 73! பேத்தி குழம்பிப் போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. 55 வயது நெருங்கும்போது சேமநிதிப் பணத்துக்காக நம் ஆட்கள் ஆபீசுக்கு வந்து “ஐயா, நான் மூத்த பிள்ளைங்க, கார்டுல தப்பாப் போட்டுட்டாங்க” என்று தலையைச் சொறிந்ததை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

கெரி மாவட்டத்தில் அந்தக் குடும்பப் பெயரோடு, 1901-இல் பொருத்தமான வயதில் ஜேம்ஸ் என்ற பையன் இருந்த வீடுகள் பதினேழு. அங்கே ஒரே குடும்பப் பெயரை ஊரே வைத்திருக்கும். நம் ஆட்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, வேறு சிக்கல். நமக்கு அப்பா பெயர்தான் பின்பெயர், அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அடையாளக் கார்டில் ஏ/எல், ஏ/பி (இன்னார் மகன், இன்னார் மகள்) போட்டு ஒரு படி மட்டும் மேலே ஏறலாம், அதற்கு மேல் ஏணி கிடையாது.

பதினேழை எப்படிக் குறைப்பது? இங்கேதான் பெயர் வழி காட்டியது. பழைய ஐரிஷ் வழக்கப்படி முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், முதல் மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர், இரண்டாவது மகளுக்கு அப்பாவின் அம்மா பெயர் வைப்பார்களாம். இதைக் கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது. பேரன் என்ற சொல்லே பெயரன்தானே, பாட்டன் பெயரைத் தாங்குகிறவன். முனியம்மாவின் தாயார் பெயர் அந்தச் சின்ன துரைக்கு எங்கே தெரியப் போகிறது? தன் அம்மாவின் பெயரைத்தான் வைத்திருப்பான் என்று பேத்தியிடம் சொன்னேன். தாய் பெயர் ஹொனோரா அல்லது நோரா என்று இருக்கிற வீடுகளை மட்டும் பார்க்கச் சொன்னேன். ஐந்து வீடு மிஞ்சியது. 1911 தாளில் மூன்று வீட்டில் ஜேம்ஸ் வீட்டிலேயே இருந்தான். அவர்களைக் கழித்தோம். இரண்டு வீடு.

அந்த இரண்டில் ஒரு வீட்டின் 1911 தாளின் படம் இப்போது என் மேசை மேல் இருக்கிறது. குடும்பத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. நம் கைநாட்டு மாதிரி. மொழிக் கட்டத்தில் தாய்க்கும் தகப்பனுக்கும் ‘ஐரிஷும் ஆங்கிலமும்’. பிள்ளைகளுக்கு நேரே கட்டம் காலி, ஆங்கிலம் மட்டும் என்று பொருள். மணமான பெண்களிடம் அந்த வருஷம் புதிதாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள்: உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பவர் எத்தனை. ஹொனோரா அம்மாளுக்கு நேரே 9, 8. வீட்டில் இருந்ததோ மூன்று பேர். அப்படியானால் ஐந்து பேர் எங்கோ இருக்கிறார்கள், தாய் அவர்களையும் விடாமல் கணக்கில் சொல்லியிருக்கிறாள். எட்டில் ஒருவன் அந்நேரம் எங்கள் பக்கத்து ரப்பர் காட்டில் தொப்பி போட்டு நின்றுகொண்டிருந்தானா என்பதுதான் கேள்வி.

தாளால் அதற்கு மேல் போக முடியவில்லை. பேத்தி விடுமுறையில் ரயிலேறி டிரலீ போய், அங்கிருந்து பஸ் பிடித்து அந்தக் கிராமத்துக்குப் போனாள். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் கிடைத்தார். முப்பது வருஷமாகச் சனிக்கிழமைகளில் சுற்றுவட்டாரக் கல்லறைகளுக்குப் போய்ப் பாசியைச் சுரண்டி, எழுத்தைப் படித்து, பென்சிலால் நோட்டில் எழுதி வருகிறவராம். யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. இவள் குடும்பப் பெயரைச் சொன்னதும் “எந்தக் கிளை?” என்று கேட்டிருக்கிறார். ஒரே பெயரில் ஏகப்பட்ட வீடு என்பதால் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டாம். கறுப்புக் கிளை, மலைக் கிளை என்று என்னென்னவோ. அதில் ஒரு கிளைக்குப் பெயர் ‘ரப்பர்’.

ஏன் ரப்பர்? அந்த வீட்டுப் பையன் ஒருவன் கீழ்த்திசைக்கு ரப்பர் போடப் போய், காய்ச்சலோடு மஞ்சள் பூத்துத் திரும்பி வந்தானாம். கோடையிலும் அடுப்பை விட்டு நகர மாட்டானாம். அவன் செத்து இத்தனை காலம் ஆகியும் அண்ணன் தம்பி பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் நின்றுவிட்டது. எந்த அரசாங்கப் புத்தகத்திலும் இது இல்லை. அந்த ஆசிரியரின் தலைக்குள் இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. இறப்புப் பதிவு கிடைத்தது. 1932, வயது 43. நிலை என்ற கட்டத்தில் ‘பிரம்மச்சாரி’. கிராணி புத்தியில் அந்தச் சொல்லை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அன்றைக்கு என் பூட்டி உயிரோடுதான் இருந்தாள், களை வெட்டும் கூட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். அவனுடைய மகளுக்கு வயது 19, பேத்தி ஒன்றும் பிறந்திருந்தது. அந்தப் பேத்திதான் என் அம்மா.

உறுதிக்கு மரபணுச் சோதனையும் செய்தோம். பேத்தி லீவில் வரும்போது ஒரு குழாய் கொண்டு வந்தாள். அரை மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் இருந்து அதில் எச்சில் துப்பச் சொன்னாள். துப்பினேன். அதே சோதனை செய்திருந்த ‘ரப்பர்’ வீட்டு அம்மாள் ஒருவருக்கும் எனக்கும் பொருத்தம் வந்தது. ஜேம்ஸின் சொந்தத் தம்பியின் பேத்தி அவர். அவர்கள் மொழியில் இதற்கெல்லாம் ஒரே சொல், கசின். நான் நோட்டில் முறை போட்டுப் பார்த்தேன். பாட்டிக்குத் தம்பி முறையாகிறவரின் மகள், என் அம்மாவுக்கு மதினி. அப்படியானால் எனக்கு அத்தை. என்னைவிட ஐந்து வயது இளைய அத்தை. தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பினார், முறுக்கு அனுப்பி வைத்தேன்.

அத்தை வழியில் இப்போது நான் எங்கே நிற்கிறேன் தெரியுமா? 1850-களில் கிரிஃபித் என்பவர் மேற்பார்வையில் நிலமெல்லாம் அளந்து மதிப்புப் போட்ட ஏடு ஒன்று இருக்கிறது. அதில் அந்த வீட்டின் நிலம் வரைபடத்தோடு கிடைக்கிறது. அதற்குப் பிறகு குத்தகைக்காரர் மாறும்போதெல்லாம் பழைய பெயரை அடித்துப் புதுப் பெயரை வேறு நிற மையில் எழுதிய திருத்தப் புத்தகங்களும் உண்டு. நாங்கள் செக்ரோலில் செத்தவர்களைச் சிவப்பு மையில் அடிப்போமே, அதே வேலை. அதற்கும் முன்னால், 1820-களிலும் 30-களிலும் சபைக்கு வரி போட எழுதிய புத்தகத்திலும் அந்தக் குடும்பத்தின் ஒரு பெயர் இருக்கிறது. இடையில் 1845-இலிருந்து உருளைக்கிழங்குப் பஞ்சம். பத்து லட்சம் பேர் செத்து, பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். அதையெல்லாம் தாண்டி அந்த ஒரு வீட்டுக் கணக்கு நிற்கிறது.

ஜேம்ஸ் எனக்குப் பூட்டன். என் உடம்பில் எட்டில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்குக்கு இருநூறு வருஷத்துக் கணக்கு என் நோட்டில் இருக்கிறது. மீதி ஏழு பங்கு தமிழ்நாட்டிலிருந்து வந்தது. அதற்கு என்னிடம் இருப்பது ‘கொள்ளிடத்துக்கு அக்கரை’ என்ற ஒரே ஒரு வாய்ச்சொல். எந்தக் கரையில் நின்று பார்த்தால் அக்கரை என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டாள் பூட்டி. அவள் வந்தது, நம் ஆட்களை இங்கே ஏற்றி வந்த ரஜூலா கப்பலுக்கும் முந்தின காலம். நாகப்பட்டினத்தில் ஏறினாள், பினாங்குப் பக்கம் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காக அடைத்து வைத்தார்கள், கங்காணி கூட்டி வந்தார். கேள்விப்பட்டது இவ்வளவுதான்.

தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியல்களில் தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள மச்சம்வரை எழுதியிருக்கிறது. மொரிஷியசுக்குப் போனவர்களின் பதிவுகள் அங்கே மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. மலாயாவுக்குக் கங்காணி பின்னால் வந்தவர்களின் பெயர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் சிதறிக் கிடந்தன. தோட்டம் விற்றபோது என்னைப் போன்றவர்கள் கொளுத்தினோம். பத்து காஜா கல்லறையில் அவசரகாலத்தில் செத்த துரைமாருக்குப் பெயர் பொறித்த கல் இருக்கிறது. நம்மவர்களைப் புதைத்த இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது.

ஆனாலும் வாசகர் சொன்னதுபோல் ‘துண்டுக் காகிதம்கூட இல்லை’ என்பது தப்பு. நாம் அதைக் காகிதமாக நினைப்பதில்லை. கல்யாண மொய் நோட்டைப் பாருங்கள், ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஊர் இருக்கும். ஐம்பது அறுபது வருஷத்துக்கு முந்தின மொய் நோட்டில் எந்தத் தோட்டம், எந்த லயம் என்பது வரைக்கும் இருக்கும். தோட்டத்து மாரியம்மன் திருவிழா வரவு செலவு நோட்டில் வரி கொடுத்தவர் பெயரெல்லாம் இருக்கும். ஊரிலிருந்து வந்த நீலக் கடுதாசியின் பின்பக்கத்தில் கிராமம், அஞ்சல், தாலுகா, ஜில்லா நாலும் இருக்கும், உள்ளே எழுதியது ‘பணம் அனுப்பவும்’ என்பதாக இருந்தாலும் சரி. தமிழ்ப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பழைய சிவப்பு அடையாளக் கார்டு, கருமாதிப் பத்திரிகை, எல்லாமே ஏடுதான். அதோடு, எண்பது தாண்டிய ஒரு பாட்டி எந்த லயத்துக்கும் உண்டு. யார் யாருக்கு என்ன முறை, எந்தக் கங்காணி எந்த ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்தார் என்று அவருக்குத் தெரியும். அவரைக் கோயில் விசேஷத்தில் சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

அந்தக் கெரி ஆசிரியர் தம் நோட்டைப் பூட்டி வைத்திருந்தால் நான் இன்றைக்கும் ஹாரி துரையைத்தான் தேடிக்கொண்டிருப்பேன்.

ஒரு விண்ணப்பம். உங்கள் ஞாயிறு பதிப்பில் வாரம் அரைப் பத்தி இடம் ஒதுக்குங்கள். இன்ன தோட்டத்தில் இன்ன வருஷம் இருந்த இன்னாரைத் தேடுகிறேன் என்று எழுதுகிறவர்களுக்கு. தெரிந்தவர் பதில் எழுதட்டும். பெரிய திட்டமெல்லாம் வேண்டாம்.

முதல் வாரத்துக்கு நானே எழுதுகிறேன். கொளுத்தியதில் தப்பிய செக்ரோல் ஒன்று என்னிடம் இருக்கிறது. 1949-ஆம் வருஷத்தது. குடியுரிமை மனுவுக்கு அத்தாட்சி வேண்டும் என்று ஒரு கிழவர் கெஞ்சியதால் அவருக்காக வீட்டுக்குக் கொண்டுவந்து, திருப்பி வைக்க மறந்துபோனேன். என் வாழ்நாளில் ஆபீஸ் சொத்தை நான் எடுத்தது அது ஒன்றுதான். மொத்தம் 212 பெயர். அவற்றில் 140-ஐ இதுவரை வெள்ளைத்தாளில் எழுதிவிட்டேன், மீதியைப் பூச்சி தின்பதற்குள் முடிக்கவேண்டும்.

களை வெட்டும் கூட்டத்தில் மூன்று முனியம்மா இருக்கிறார்கள். ஒரே பெயர் என்பதால் அன்றைய கிராணி முனியம்மா 1, முனியம்மா 2, முனியம்மா 3 என்று எழுதியிருக்கிறார். மூன்றாவது முனியம்மா என் பூட்டி. லயத்து எண் பொருந்துகிறது. ஆகஸ்டு மாதம் 22 நாள் வேலை. 23-ஆம் நாளிலிருந்து சிவப்பு மையில் ஒரு நீளக் கோடு. மற்ற இரண்டு முனியம்மாக்களின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இந்தப் பத்திரிகையைப் படித்தால் எழுதுங்கள். இரண்டாவது முனியம்மாவுக்கு நேரே பென்சிலில் ‘இந்தியா போய்விட்டாள்’ என்று ஆங்கிலத்தில் குறித்திருக்கிறது. எந்த ஊருக்குப் போனார் என்று தெரிந்தால் எனக்கும் உதவும். மூவரும் ஒரே கங்காணியோடு வந்தவர்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

வீட்டில் மொய் நோட்டோ கடுதாசியோ இருப்பவர்கள் அதைப் படம் பிடித்து ஆசிரியர் வழியாக அனுப்புங்கள். அசலை அனுப்பிவிடாதீர்கள். தபாலில் தொலைந்தால் நான் பொறுப்பில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.